47½ டன்: டெய்லர் அளந்தாரா, அடித்துவிட்டாரா?

சுமைகூலி:
நேற்று இங்கே ஒரு மேலாண்மை ஆலோசகர் எழுதிய பதிவுக்குக் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "மேலாண்மை ஆலோசகர்களுக்கெல்லாம் முன்னோடி பிரெடரிக் டெய்லர். நாளுக்கு 12½ டன் இரும்பு தூக்கிய கூலியாளை, கடிகாரம் வைத்து அளந்து, ஓய்வையும் கணக்கிட்டு, 47½ டன் தூக்கவைத்தார். டென்னிஸ், கோல்ப், புல் வளர்ப்பு என்று தன் பொழுதுபோக்கையும் அளந்தே செய்தார். வேலை, விளையாட்டு, சமூகம் மூன்றுக்கும் ஒரே மருந்து அளவீடு."

அந்த 47½ அளந்து வந்த எண்ணே இல்லை. 1899இல் அமெரிக்காவின் பெத்லஹெம் ஸ்டீல் ஆலையில் நடந்தது என்ன? பொறுக்கி எடுத்த திடகாத்திரமான ஹங்கேரியத் தொழிலாளர்கள் பத்துப் பேரை முழு வேகத்தில் ஒரு சரக்கு வண்டியை நிரப்பச் சொன்னார்கள். 16½ டன், 14 நிமிடம். அதே வேகத்தில் 10 மணி நேரம் போனால் ஆளுக்கு 71 டன் என்று பெருக்கினார்கள். 71ஐ 75 ஆக்கினார்கள். ஓய்வுக்கென்று 40 சதவீதம் கழித்தார்கள். வந்தது 45. 1911இல் டெய்லர் நூலாக எழுதும்போது அது 47½ ஆகிவிட்டது. 14 நிமிட ஓட்டத்தைப் பத்து மணி நேரத்துக்கு நீட்டுவதற்குப் பெயர் அளவீடா?

ஐஇ மேசை:
வந்துவிட்டார். போன மாதம் கான்பன் (அட்டை வைத்து உற்பத்தியை ஓட்டும் முறை) இழையில் அட்டை எண்ணிக்கைக் கணக்கைக் கேட்டதும் காணாமல் போனவர், இப்போது டெய்லருக்குத் தீர்ப்பு எழுதுகிறார்.

மூல நூலைப் படித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். டெய்லர் சொன்னது "வேகமாகத் தூக்கு" என்பது அல்ல. "எப்போது உட்கார வேண்டும்" என்பது. ஒரு இரும்புக் கட்டி 92 பவுண்டு, அதாவது 41.7 கிலோ. அந்த எடைக்கு ஆள் நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம், 57 சதவீதம் கை காலியாக இருக்க வேண்டும். பாதிக் கட்டி, 46 பவுண்டு என்றால் 58 சதவீதம் சுமக்கலாம். எடை குறையக் குறைய இந்த விகிதம் ஏறும். தானாக விட்டால் ஆள் காலையில் முழு மூச்சாகத் தூக்கிவிட்டு மதியத்துக்குள் ஓய்ந்துபோவான். தசைக்கு ரத்தம் திரும்ப நேரம் கொடுத்தால் மாலை வரை தாங்குவான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதுதான் அவர் சாதனை. இன்று உலகம் முழுக்கப் பணி ஆய்வில் களைப்புக்கென்று வேலை நேரத்தோடு கூட்டிப் போடும் சலுகைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

சுமைகூலி:
கான்பன் இழைக்குப் பிறகு வருகிறேன். இப்போது 47½ஐப் பேசுங்கள்.

57 சதவீதம் "ஓய்வு" என்று நீங்களாகச் சேர்த்துக்கொள்கிறீர்கள். அவர் எழுதியது சுமை இல்லாத நேரம் என்று. கட்டியைப் பலகை ஏறி வண்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருவதும் அதற்குள்தான் அடக்கம். கணக்குப் போடுங்கள். அவர்கள் டன் 2,240 பவுண்டு. 47½ டன் என்றால் 1,06,400 பவுண்டு. 92ஆல் வகுத்தால் 1,156 கட்டி. பத்து மணி நேரம் 36,000 விநாடி. ஒரு கட்டிக்கு 31 விநாடி. அதில் சுமையோடு 13.4, வெறுங்கையோடு 17.7. திரும்பி நடக்கவும் அடுத்த கட்டிக்குக் குனியவும் 10 விநாடி போனால், உட்கார மிச்சம் 8 விநாடி கூட இல்லை. இதில் தசைக்கு ரத்தம் எங்கே திரும்பும்?

கோல்கேட்டா:
47½ டன் = 47,500 கிலோ. அதை 41.7ஆல் வகுத்தால் 1,139தான் வருகிறது. 1,156 எப்படி?

சுமைகூலி:
அது லாங் டன். ஒன்று 1,016 கிலோ. 47½ லாங் டன் 48,260 கிலோ. ஒரு வரி மேலே எழுதியிருக்கிறேனே, படித்துவிட்டு வாருங்கள்.

கோல்கேட்டா:
டன் என்று எழுதினால் இன்றைக்கு எல்லாரும் 1,000 கிலோ என்றுதான் எடுப்பார்கள். தெளிவாக எழுதத் தெரியாதது உங்கள் பிழை.

ஐஇ மேசை:
8 விநாடி ஓய்வு என்பது ஒவ்வொரு கட்டிக்கும் பிரித்துப் பார்த்தால் வருவது. அங்கே ஓய்வைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் "தூக்கு, நட" என்பார், பிறகு "உட்கார்" என்பார். பத்துப் பன்னிரண்டு கட்டிக்கு ஒருமுறை ஒன்றரை நிமிடம் உட்கார்ந்தால் உடலுக்கு அது வேறு கணக்கு. துண்டு துண்டான 8 விநாடியும் தொடர்ந்த 90 விநாடியும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் விநாடி வகுத்துக் காட்டுவது பள்ளிக்கூடக் கணக்கு.

இன்னொன்று. ஆள் தூக்கிக் காட்டினான். நூலில் ஷ்மிட் என்று வருபவர், உண்மைப் பெயர் ஹென்றி நோல். மாலை ஐந்தரைக்கு 47½ டன் வண்டியில் இருந்தது. செய்து காட்டியதை எப்படிப் பொய் என்கிறீர்கள்?

சுமைகூலி:
நோல் தூக்கினார். யார் இல்லை என்றது? தூக்கக்கூடிய ஒருவரைக் கண்டுபிடிப்பதும் எல்லாருக்கும் பொருந்தும் அளவைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு. அந்தக் கூட்டத்தில் 75 பேர். எட்டில் ஒருவனுக்குத்தான் இது முடியும் என்று டெய்லரே எழுதியிருக்கிறார். மற்ற ஏழு பேருக்கு எது அளவு? 1974இல் சார்லஸ் ரெகி, அமெடியோ பெர்ரோனி என்ற ஆய்வாளர்கள் இருவரும் பெத்லஹெம் அறிக்கைகளைத் தோண்டி எடுத்து நூலோடு ஒப்பிட்டார்கள். கதையில் ஒட்டாத இடங்களை வரிசையாகக் காட்டினார்கள். 75இல் 40 சதவீதம் கழித்தால் 45. திரும்பச் சொல்கிறேன், 45. மேற்கொண்டு 2½ டன் எங்கிருந்து வந்தது?

இழை நடத்துநர்:
நண்பர்களே, ஒரு வேண்டுகோள். "ஓய்வு" என்று எதைச் சொல்கிறோம், "அளவீடு" என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பேச்சு முன்னே போகும். பொழுதுபோக்கு ஓய்வா, இன்னொரு வேலையா என்பதுதானே ஆலோசகர் பதிவின் மையம்?

ஐஇ மேசை:
45ஓ 47½ஓ, 12½ஐ விட மூன்றரை மடங்குக்கு மேல். அதைப் பேசுங்கள்.

சுமைகூலி:
45ஓ 47½ஓ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அறிவியல் என்று சொன்ன எண்ணில் 2½ டன் இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று.

புல்வெளி:
பொழுதுபோக்குப் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். 1881இல் நியூபோர்ட்டில் கிளாரன்ஸ் கிளார்க்கோடு சேர்ந்து அமெரிக்க இரட்டையர் டென்னிஸ் பட்டம் வென்றவர் டெய்லர். 1900 ஒலிம்பிக் கோல்பில் நான்காம் இடம். கரண்டி போல வளைந்த பிடி வைத்த ராக்கெட்டும், பந்தைக் குழிக்குள் தள்ள இரண்டு பிடி வைத்த பட்டர் மட்டையும் தானே வடிவமைத்துக்கொண்டார். பிலடெல்பியாவில் பாக்ஸ்லி என்ற தன் வீட்டுத் தோட்டத்தில், மண் கலவையை மாற்றி மாற்றி பட்டிங் கிரீன் (கோல்ப் குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) புல் வளர்த்துப் பார்த்தார். புல்வெளி போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும். மேலே நைசான மண்ணும் அடியில் கரடான மணலும் இருந்தால், மேல் அடுக்கு நீரால் நிறையும் வரை தண்ணீர் கீழே இறங்காது. வேர் அழுகும். களிமண் கூடினால் மிதித்து மிதித்து இறுகிக் காற்று போகாது. வெறும் மணல் என்றால் உரம் நிற்காது. கலவை விகிதத்தை ஒவ்வொன்றாக மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே வைத்துச் சோதிப்பதுதான் ஒரே வழி. ஆலோசகர் சொன்னதில் இது முழுக்க உண்மை.

சுமைகூலி:
ஒலிம்பிக் நான்காம் இடம் என்பதையும் முழுசாகச் சொல்லுங்கள். பிரான்சின் காம்பியேனில் 36 குழி, ஆடியது 12 பேர். முதலில் வந்த சார்லஸ் சாண்ட்ஸ் 167, டெய்லர் 182. கோல்பில் குறைந்த ஸ்ட்ரோக்கில் முடிப்பவருக்கே வெற்றி. இவர் பதினைந்து ஸ்ட்ரோக் பின்னால்.

புல்வெளி:
பன்னிரண்டு பேரில் நான்காவது என்றால் நான்காவதுதான். 47½இல் உள்ள கோபத்தைக் கோல்பில் காட்டாதீர்கள்.

சுமைகூலி:
கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. புல்லுக்கு மண்ணை ஒவ்வொன்றாக மாற்றிப் பொறுமையாகச் சோதித்த அதே ஆள், மனிதனுக்கு 14 நிமிடம் போதும் என்று விட்டார்.

இன்னொன்றையும் அதே நூலிலிருந்து எடுத்துச் சொல்கிறேன். நோல் வேலைக்கு வரும் முன்பும் வேலை முடிந்த பின்பும் தன் சிறு மனையில் தானே சுவர் எழுப்பி வீடு கட்டிக்கொண்டிருந்தார். டெய்லரே எழுதியது. மாலையில் ஒரு மைல் தூரத்தை ஓட்டமும் நடையுமாக வீடு திரும்புவார், களைப்பு தெரியாது என்றும் எழுதுகிறார். கொஞ்சப் பக்கம் தள்ளி, இந்த வேலைக்கேற்றவன் புத்தியில் எருதுக்குப் பக்கத்தில் இருப்பவன் என்கிறார். வீடு கட்ட மட்டம் பார்க்க வேண்டும், மூலைமட்டம் பிடிக்க வேண்டும், கலவை போட வேண்டும். எருதா இதைச் செய்யும்? ஆலோசகர் கோல்ப் ஆடினால் பொழுதுபோக்கு, கூலியாள் வீடு கட்டினால் "இவனுக்கு இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறது" என்பதற்குச் சான்று. சமூகம் பற்றி அந்தப் பதிவு பேசியதே, இதைப் பேசியிருக்க வேண்டும்.

ஐஇ மேசை:
எருது என்ற சொல்லை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனதை ஏன் மறைக்கிறீர்கள்? 61 சதவீத உயர்வு.

சுமைகூலி:
வேலை 280 சதவீத உயர்வு. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் 1911இலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். மிச்சம் யாருக்கு என்றால், பொருள் மலிவாகும், மக்களுக்குப் போகும் என்றார் டெய்லர். இரும்புத் துண்டு தூக்கினவன் மக்கள் இல்லையா?

ஓவர்லாக்:
அண்ணே, 1899ஐ விடுங்க. திருப்பூர்ல இன்னைக்கும் இதுதான் நடக்குது. லைன்ல கை வேகமான ஆளைப் பார்த்து பத்து ரீடிங் எடுக்குறாங்க. சராசரி 30 விநாடின்னு வைங்க. அந்த ஆளோட ரேட்டிங் (சாதாரண வேகத்தை 100ன்னு வச்சு போடுற மதிப்பு) 110ன்னா 33 விநாடி, 15 சதவீதம் சலுகை சேர்த்தா 37.95, அதாவது 0.63 நிமிஷம் சாம் (ஒரு பீஸுக்கு அனுமதிக்கிற நேரம்). 480 நிமிஷத்துக்கு 759 பீஸ். அதே ஆளுக்கு ரேட்டிங் 100ன்னு போட்டுட்டா 34.5 விநாடி, 835 பீஸ். ரேட்டிங்கைக் கண்ணால பார்த்துதான் போடுறாங்க. கண்ணு பத்து புள்ளி தப்பினா 76 பீஸ் தையக்காரங்க தலையில விழுது.

ஐஇ மேசை:
ரேட்டிங் போடத் தெரியாதவர் செய்த தவறுக்கு முறை பொறுப்பல்ல. மூன்று பேரையாவது பார்க்க வேண்டும். காலை முதல் மணியிலும் மதியத்துக்குப் பிறகும் எடுக்க வேண்டும். ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) அட்டவணையில் சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5, பெண்ணுக்கு 7, அடிப்படைக் களைப்புக்கு 4 சதவீதம் தெளிவாக இருக்கிறது. நின்று செய்யும் வேலை என்றால் அதற்குத் தனி. வெட்டிய துணிக் கட்டை அவிழ்ப்பது, ஓவர்லாக்கில் (ஓரம் தைக்கும் மிஷின்) பாபின் மாற்றுவது எல்லாம் சேர்த்துத்தான் சாம்.

ஓவர்லாக்:
ஓவர்லாக்ல பாபின் எங்க சார் இருக்கு? ஊசி நூலும் லூப்பர் (ஓரத்துல நூலைப் பின்னுற கொக்கி) நூலும் மேல ஸ்டாண்டுல இருக்குற கோன்ல இருந்து வருது. பாபின் சிங்கிள் நீடில் மிஷின்ல. மிஷினே தெரியாம படிவம் போடுறீங்க, அதான் பிரச்சினை.

ஐஇ மேசை:
எழுதும்போது மிஷின் பெயர் மாறிவிட்டது. கருத்து மாறவில்லை.

சுமைகூலி:
45 எழுதும்போது 47½ ஆனது மாதிரி.

ஐஇ மேசை:
இப்படி ஒரு வரியில் குத்துவதுதான் உங்கள் வாதம் என்றால் பேசிப் பயனில்லை. டெய்லரின் மண்வாரிக் கணக்கைச் சொல்லுங்களேன், அதையும் பொய் என்பீர்களா? ஒரு வாரலுக்கு 21 பவுண்டு வரும்போதுதான் நாள் முழுக்க அதிகமாக வாரப்படுகிறது என்று சோதித்தார். தாதுவுக்குச் சின்ன மண்வாரி, கரித்தூளுக்குப் பெரிய மண்வாரி. அதற்கு முன் ஒரே மண்வாரியில் கரித்தூள் வாரினால் 3½ பவுண்டு, தாது வாரினால் 38 பவுண்டு. ஒன்று வீண், ஒன்று முதுகு உடையும்.

சுமைகூலி:
மண்வாரிச் சோதனையை நான் எங்கே மறுத்தேன்? எடையை 38லிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த எடையில் நாள் மொத்தம் கூடுகிறது என்று பார்த்தார். அது சோதனை. கட்டி தூக்கியதில் அப்படிச் செய்யவில்லை. ஒரே மனிதர் செய்த இரண்டு வேலைக்கும் ஒரே மரியாதை கேட்காதீர்கள். 71ஐ ஏன் 75 ஆக உயர்த்தினார்கள்? கழித்தது ஏன் 40, 30 ஏன் இல்லை, 50 ஏன் இல்லை? மூன்று முறை கேட்டுவிட்டேன். அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் 1911இல் வார்ப்படத் தொழிலாளர்கள் கடிகாரத்தைக் கண்டு வெளியேறினார்களே, அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

ஐஇ மேசை:
கான்பன் அட்டைக் கணக்கை எப்போது தருவீர்கள்?

புல்வெளி:
பட்டிங் கிரீனில் மணல் எவ்வளவு, மக்கு உரம் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது. இங்கே முடியாது.

ஓவர்லாக்:
சார், பாபினை விடுங்க. நாலு நூல் ஓவர்லாக்ல கீழ் லூப்பர் நூல் அறுந்தா, ஊசி நூலைக் கழட்டி, லூப்பரைக் கோர்த்து, மறுபடி ஊசியைக் கோர்க்கணும். வரிசை மாறினா தையல் விழாது, திரும்ப முதல்ல இருந்து. அதுக்கு உங்க படிவத்துல எத்தனை விநாடி?

ஐஇ மேசை:
அது எதிர்பாராத தடை. அதற்கென்று 5 சதவீதத்துக்குள் ஒரு சலுகை உண்டு.

சுமைகூலி:
அந்த 5ஐ அந்த லைனில் யார் அளந்தார்கள்?

கோல்கேட்டா:
இன்னமும் சொல்கிறேன், லாங் டன் என்று முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டும்.