காலில்லாத பறவைக்குக் கால் இருக்கிறதா, இல்லையா?

காட்டுச்சேவல்: "லத்தீன் அடைமொழி தெரிந்தால் போதும், உயிரினத்தை நேரில் பார்த்த மாதிரி" என்று மரகதம் அம்மா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அறிவியல் பெயரில் இரண்டாவதாக வரும் சொல்தானே அந்த அடைமொழி? பாரடைசியா அபோடா என்றொரு சொர்க்கப் பறவை. அபோடா என்றால் காலில்லாதது. அதற்கோ இரண்டு கால்களும் திடமாக இருக்கின்றன.

மரகதம்: இருபது ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவள் நான். பனை, போராசஸ் ஃபிளாபெல்லிஃபர்: விசிறி தாங்கி. தொட்டாற்சிணுங்கி, மிமோசா பூடிகா: நாணமுடையது. இதில் எது பொய்?

காட்டுச்சேவல்: பனையைப் பற்றி யார் கேட்டார்கள்? பறவைக்குக் கால் இருக்கிறதா, இல்லையா?

இளவழுதி: அந்தப் பெயரை வைத்த இயற்கையியலாளர் லின்னேயஸ்மேல் பழி போடாதீர்கள். நியூகினிப் பக்கத்தார் காலை வெட்டிவிட்டுத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். ஐரோப்பாவுக்கு வந்தவை அந்தத் தோல்கள். காலே இல்லாமல் வானில் மிதந்து வாழும் பறவை என்று அங்கே கதை கட்டியிருந்தார்கள்.

காட்டுச்சேவல்: கடலோடி மகெல்லனோடு புறப்பட்டு 1522இல் ஊர் திரும்பிய பிகாஃபெட்டா, அதற்குக் கால் உண்டென்று எழுதிவைத்தாரே! லின்னேயஸ் பெயர் வைத்தது 1758இல். இருநூறு ஆண்டுகள் போதவில்லையா?

இளவழுதி: லின்னேயஸ் அந்தக் கதையை நம்பினார் என்று உங்களிடம் யார் சொன்னது? விலங்கியல் பெயரிடல் விதிகளில் 18ஆம் பிரிவைப் படியுங்கள். பொருந்தாத பெயர் என்பதற்காக ஒரு பெயர் செல்லாமல் போகாது.

காட்டுச்சேவல்: ஆக, பொருந்தாத பெயர்தான். உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

இளவழுதி: வரவில்லை. விதியைச் சொன்னேன்.

நெய்தல்: முருங்கையை மறந்துவிட்டீர்களே. மொரிங்கா ஒலெய்ஃபெரா, எண்ணெய் தருவது. விதையைப் பிழிந்தால் எண்ணெய் வருகிறது. மொரிங்காவோ நம் தமிழ்ச் சொல். லத்தீனுக்கே பெயர் கொடுத்தவர்கள் நாம்!

மலைநாடன்: அது மலையாளத்திலிருந்து போனது. எதைக் கண்டாலும் தமிழ் என்பதா?

நெய்தல்: முருங்கை எங்கள் கொல்லையில் நிற்கிறது ஐயா. எங்களுக்கே பாடம் எடுக்காதீர்கள்.

மலைநாடன்: எங்கள் கொல்லையிலும்தான் நிற்கிறது.

காட்டுச்சேவல்: முருங்கையை அப்புறம் பார்க்கலாம். கால்?

மரகதம்: போன மாதம் நாகலிங்கப் பூ விவாதத்திலும் இதே பிடிவாதம். ஒரு விதிவிலக்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் அடிக்க வருகிறீர்கள்.

காட்டுச்சேவல்: நாகலிங்கத்திலும் நான்தான் சரி. "நேரில் பார்த்த மாதிரி" என்றது நீங்கள். காலில்லாத பறவையை எங்கே நேரில் பார்த்தீர்கள்?

மரகதம்: கேட்கும் முறையில் கேட்டால் பதில் சொல்வேன்.

காட்டுச்சேவல்: முறையாகவே கேட்கிறேன் அம்மா. கால் இருக்கிறதா, இல்லையா?