அவசர உதவி: பெர்ஷியன் பூனையைக் காணவில்லை, மேற்கு மாம்பலம்

மாவடு_22 | சனி, இரவு 11:52
வணக்கம். எங்கள் பூனையை வியாழக்கிழமையிலிருந்து காணவில்லை. பெயர் குல்ஃபி. பெர்ஷியன், பெடிகிரி, 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. ஏசி சர்வீஸுக்கு ஆள் வந்தபோது கதவு திறந்திருந்தது, அப்படியே வெளியே போய்விட்டது. அயோத்தியா மண்டபம் வரை தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். உடம்பில் சிப் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஜிபிஎஸ்ஸில் பார்க்க எந்த ஆப்? பெண் சாப்பிடாமல் அழுகிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்.

சுக்குக்காப்பி | சனி, இரவு 11:58
கவலைப்படாதீர்கள். அது உபயோகித்த லிட்டர் மண்ணை (கழிவுத் தட்டில் போடும் மண்) வாசலில் கொட்டி வையுங்கள். வாசனை பிடித்துக்கொண்டு தானே வரும். எங்கள் வீட்டில் இரண்டு முறை வந்திருக்கிறது.

இரவுக்காவல் | ஞாயிறு, 12:06
என்ன நிறம்? என்ன வயது? கடுவனா பெட்டையா? கருத்தடை ஆகியிருக்கிறதா? எத்தனையாவது மாடி? இதற்கு முன் வெளியே போய்ப் பழக்கம் உண்டா? கதவு வழியாகப் போனதைக் கண்ணால் பார்த்தது யார்? போட்டோ எங்கே? இவை தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

தேர்ந்த_வாசகன் | ஞாயிறு, 12:20
தேடல் வசதி என்று ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. மைக்ரோசிப்புக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. சிப் அரிசி அளவுதான், அதில் பேட்டரி கிடையாது. ரீடரைத் தோள்பட்டைக்கு மேல் வைத்து நகர்த்தினால் 15 இலக்க எண் வரும், அவ்வளவே. அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதாவது தெரியுமா? பல வீடுகளில் இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கும். அப்புறம், பெடிகிரி என்றால் விலை அல்ல, வம்சாவளிச் சான்றிதழ். சிஎஃப்ஏ (1906), டிக்கா (1979) போன்ற பதிவமைப்புகளின் தாள் கையில் இல்லையென்றால் அது முடி நீளமான ஒரு பூனை.

ஆறு_தெரு_நாய்கள் | ஞாயிறு, 12:31
பூனை காணவில்லை என்று ஒருவர் அழுகிறார், நீங்கள் தாள் கேட்கிறீர்கள். ஆனாலும் ஒன்று. 18,000 கொடுத்து வாங்குவதற்குப் பதில் தெருவில் பிறந்த ஒன்றை வளர்த்திருக்கலாம். நாட்டுப்பூனை மூன்றாவது மாடியிலிருந்து இறங்கித் திரும்பி ஏறி வந்திருக்கும்.

இரவுக்காவல் | ஞாயிறு, 12:33
மூன்றாவது மாடி என்று அவர் சொல்லவே இல்லையே?

ஆறு_தெரு_நாய்கள் | ஞாயிறு, 12:34
ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நங்கநல்லூர்_பாட்டி | ஞாயிறு, காலை 5:10
அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்ளம்மா. என் மூக்குத்தி, மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் எல்லாம் அப்படித்தான் கிடைத்தன.

மாவடு_22 | ஞாயிறு, காலை 7:15
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதினேன். வெள்ளை நிறம், பெட்டை, 2 வயது, கருத்தடை செய்யவில்லை. வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. உண்மையாகவே மூன்றாவது மாடிதான். போனதை யாரும் பார்க்கவில்லை, கதவு திறந்திருந்ததால் அப்படி நினைத்தோம். சிசிடிவி வாசல் கேட்டில் மட்டும் உண்டு, அதில் பூனை தெரியவில்லை. ஒரு கண் நீலம், ஒரு கண் தேன் நிறம். நீலக் கண் [நெறியாளர்: எந்தப் பக்கம் என்பதை நீக்கியிருக்கிறேன். பொதுவில் சொல்ல வேண்டாம்.] போட்டோ இணைத்திருக்கிறேன்.

வேப்பேரி_பழைய_மாணவி | ஞாயிறு, காலை 7:40
சகோதரி, ஒரு கேள்வி. மிக்ஸி ஓடினால் குல்ஃபி என்ன செய்யும்?

மாவடு_22 | ஞாயிறு, காலை 7:44
ஒன்றும் செய்யாது. பக்கத்திலேயே தூங்கும். தீபாவளி வெடிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ரொம்ப சமர்த்து. ஏன்?

வேப்பேரி_பழைய_மாணவி | ஞாயிறு, காலை 7:58
சமர்த்து இல்லை, காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்தவள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் பாதிக்கு மேல் செவிடு. ஒரு கண் மட்டும் நீலம் என்றால் ஏறக்குறைய பத்தில் நான்கு. சிலவற்றுக்கு நீலக் கண் பக்கத்துக் காது மட்டும் போயிருக்கும், சிலவற்றுக்கு இரண்டும். ஒரு காது கேட்டாலும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அதற்குப் பிடிபடாது. மூன்று நாளாக நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதற்குப் போய்ச் சேர்ந்திருக்கவே வாய்ப்பு குறைவு. எங்கேயோ போய்விட்டது, அதனால்தான் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரவுக்காவல் | ஞாயிறு, காலை 8:15
அப்படியானால் கதையே வேறு. மண்டபம் வரை அலைவதை நிறுத்துங்கள். காணாமல் போன 1,200-க்கும் மேற்பட்ட பூனைகளை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. கிடைத்தவற்றில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள் கிடைத்தன. வெளியே போகாமல் வளர்ந்தவை இன்னும் கிட்டத்தில். பயந்த வீட்டுப் பூனை ஓடாது, முதலில் கிடைக்கும் பொந்தில் ஒடுங்கிவிடும், மூச்சுக்கூட விடாது. உங்கள் கட்டடத்தையே பாருங்கள்: மோட்டார் ரூம், இபி மீட்டர் பெட்டிக்குக் கீழே, லிஃப்ட் குழி, பைப் போகும் டக்ட், உறை போட்ட பைக், கார் பானெட்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஏசி சர்வீஸ் என்றீர்களே. அவுட்டோர் யூனிட் எங்கே இருக்கிறது? அந்த ஆள் எந்த வழியாக அதை எட்டினார்?

மாவடு_22 | ஞாயிறு, காலை 8:31
பெட்ரூம் ஜன்னல் வழியாக. கிரில்லைத் திறந்து சன்ஷேடில் இறங்கித்தான் கழுவினார். ஐயோ.

இரவுக்காவல் | ஞாயிறு, காலை 8:40
பதற வேண்டாம். கீழே விழுந்திருந்தால் செக்யூரிட்டி பார்த்திருப்பார். உங்கள் சன்ஷேடுக்கு நேர் கீழே யார் வீடு? பக்கத்து சன்ஷேடுகள், கீழ் வீட்டு அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்பக்கம், எல்லாம் பாருங்கள். பகலில் பார்த்தால் சுவரும் வெள்ளை, யூனிட்டும் வெள்ளை, பூனையும் வெள்ளை. ராத்திரி 2 மணிக்கு மேல் தெரு அடங்கியதும் டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றி ஓரமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்துங்கள். பூனைக் கண்ணின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு, அதனால் பச்சையாக மின்னும். நீலக் கண்ணில் அந்தப் பளபளப்பு வராது, பெரும்பாலும் சிவப்பாகத் தெரியும். மாம்பலத்தில் ராத்திரி மின்னுகிற கண்கள் நிறைய. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்றால் அது குல்ஃபி.

சுக்குக்காப்பி | ஞாயிறு, காலை 9:02
லிட்டர் மண்?

பெசன்ட்நகர்_பூனைக்காரன் | ஞாயிறு, காலை 9:30
மண்ணைக் கொட்டாதீர்கள். கருத்தடை ஆகாத பெட்டை. அந்த வாசனைக்கு ஊரில் உள்ள கடுவன்கள் எல்லாம் வந்து வாசலில் காவல் நிற்கும், இது பயந்து இன்னும் உள்ளே போகும். வேண்டுமானால் உங்கள் பெண்ணின் போர்வையை ஜன்னலில் போடுங்கள். பிடிக்கிற கூடைக்குள் வைக்க நெத்திலிக் கருவாடு போதும்.

சுக்குக்காப்பி | ஞாயிறு, காலை 9:34
எங்கள் வீட்டில் வந்தது என்று சொல்கிறேன். அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

தேர்ந்த_வாசகன் | ஞாயிறு, காலை 10:11
இரண்டு முறை நடந்தது அனுபவம், ஆதாரம் அல்ல. போட்டோவைப் பார்த்தேன். மூக்கு இவ்வளவு நீளமாக இருக்கிறது. இது 'டால் ஃபேஸ்'. சப்பை முகமான 'பஞ்ச் ஃபேஸ்' அல்ல. 18,000 அதிகம்.

ஆறு_தெரு_நாய்கள் | ஞாயிறு, காலை 10:19
மூக்கு நீளமாக இருப்பது அதன் பாக்கியம். மூக்கை உள்ளே தள்ளி வளர்த்த பூனைக்குச் சென்னை வெயிலில் மூச்சுவிடவே சிரமம். முகத்தைச் சப்பையாக்கி அழகு என்று விற்பதும் அதை வாங்குவதும், அடிப்படையில்...

தேர்ந்த_வாசகன் | ஞாயிறு, காலை 10:22
தனி இழை தொடங்கவும்.

ஆறு_தெரு_நாய்கள் | ஞாயிறு, காலை 10:24
மூக்கை முதலில் எடுத்தவர் நீங்கள்.

(இதற்கு நடுவில் நாட்டுப்பூனை, விலைப்பூனை பற்றிய 14 பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். நெறியாளர்)

மாவடு_22 | ஞாயிறு, பகல் 1:05
ஒருவர் போன் செய்தார். பூனை தாம்பரத்தில் அவரிடம் இருக்கிறதாம். ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் 2,000 ஜிபே செய்தால் கொண்டுவந்து தருவாராம். செய்யலாமா? என் கணவர் செய்துவிடலாம் என்கிறார்.

இரவுக்காவல் | ஞாயிறு, பகல் 1:07
செய்யாதீர்கள்!! வீடியோ கால் கேளுங்கள். எந்தக் கண் நீலம், இடதா வலதா என்று மட்டும் கேளுங்கள். அதற்காகத்தான் நெறியாளர் அதை நீக்கினார்.

மாவடு_22 | ஞாயிறு, பகல் 1:26
"ரெண்டு கண்ணும் நீலம்தான் மேடம்" என்றார். அப்புறம் கட் செய்துவிட்டார்.

பெசன்ட்நகர்_பூனைக்காரன் | ஞாயிறு, பகல் 1:50
இனி இப்படி இன்னும் நாலு போன் வரும். போஸ்டரில் விலையையும் பெடிகிரி என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். பெரிய போட்டோ, 'காது கேட்காது, துரத்த வேண்டாம்', ஒரு நம்பர், போதும். நிஜமாகவே யாராவது எடுத்து வைத்துக்கொண்டு தர மறுத்தால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். கண்டெடுத்ததை உரியவர் தெரிந்தும் தானே வைத்துக்கொள்வது பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் சட்டம்) 314-ஆம் பிரிவில் வரும். புகாரோடு வாங்கிய ரசீதும் தடுப்பூசி அட்டையும் இருந்தால் நல்லது.

இன்னொன்று, மற்ற எதைவிடவும் முக்கியம். சன்ஷேடில் பார்த்தால் எட்டிப் பிடிக்காதீர்கள். பின்பக்கமாகப் போய்த் தொடவே கூடாது. அதற்கு உங்கள் காலடி கேட்காது, திடுக்கிட்டுக் குதித்துவிடும். முன்பக்கம் அது பார்க்கும்படி உட்கார்ந்து, ஜன்னல் அருகில் கூடையைத் திறந்து வைத்து, உள்ளே சாப்பாடு. அரை மணி நேரமானாலும் பொறுங்கள். உள்ளே போனதும் துண்டால் மூடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள்.

வேப்பேரி_பழைய_மாணவி | ஞாயிறு, பகல் 2:15
கிடைத்ததும் வீட்டில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள். குண்டான பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தெரிந்த டாக்டர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கேயே சிப் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவுக்காவல் | திங்கள், காலை 6:30
ராத்திரி பார்த்தீர்களா?

இரவுக்காவல் | திங்கள், இரவு 9:00
@மாவடு_22?

தேர்ந்த_வாசகன் | திங்கள், இரவு 9:40
எப்போதும் இப்படித்தான். வேலை முடிந்ததும் மறைந்துவிடுவார்கள்.

மாவடு_22 | செவ்வாய், காலை 5:22
கிடைத்துவிட்டது. நேர் கீழ் வீட்டு சன்ஷேட், அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால். அவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், சாவி செக்ரெட்டரியிடம் இருந்தது. ஒரு சிவப்பு, ஒரு பச்சை. கூடைக்குள் போக ஐம்பது நிமிடம். மெலிந்திருக்கிறாள், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடித்திருப்பாள் என்று நினைக்கிறோம். வேப்பேரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

சுக்குக்காப்பி | செவ்வாய், காலை 5:48
ரொம்ப சந்தோஷம். லிட்டர் மண் வைத்திருந்தீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வேப்பேரி_பழைய_மாணவி | செவ்வாய், காலை 6:05
சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் வீட்டு ஏசி ஓடியிருக்காதே, தண்ணீர் எங்கிருந்து சொட்டியது?

இரவுக்காவல் | செவ்வாய், காலை 6:12
மேலே இவர்கள் வீட்டு ஏசியின் டிரெயின் பைப் அங்கேதான் இறங்கியிருக்கும். நல்ல வேளை, சர்வீஸ் முடிந்து ஓடிக்கொண்டிருந்தது.

நங்கநல்லூர்_பாட்டி | செவ்வாய், காலை 6:20
வெல்லம் பாக்கி இருக்கிறது, மறந்துவிடாதேம்மா.