மறு: எக்ஸ்பிளான்ட் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

சு.:
வணக்கம். கருவியல் பாடநூலில் சிறுநீரக அத்தியாயம் என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 11.5 நாள் சுண்டெலிக் கருவிலிருந்து சிறுநீரக முளையைப் பிரித்தெடுத்து, ஊடகமும் காற்றும் சந்திக்கும் இடத்தில் வடிகட்டிச் சவ்வின்மேல் வைத்து வளர்க்கிறார்கள். அந்தத் துண்டுக்கு என்ன பெயர்? 'வெளிக்கன்று' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்ப்பவர் மாட்டைத் தேடுகிறார்.

ம.:
கொய்திசு. கொய்த, கொய்கிற, கொய்யும் என முக்காலமும் அடக்கம். வினைத்தொகை, ஒற்று மிகாது. 'கொய்த்திசு' என்று யாரும் திருத்த வந்துவிடாதீர்கள். கொய்சகம் என்ற சொல் இருக்கிறதே, அதுதான் கொசுவம் ஆயிற்று.

இரா.:
சங்கப் பாட்டில் குதிரைக்குக் 'கொய்சுவல்' உண்டு, கத்தரித்த பிடரிமயிர். ஆனால் அங்கே கொய்த மயிர் உதிர்ந்துபோகும், குதிரை வாழும். இங்கே கொய்ததுதான் வாழவேண்டும். வேரே தலைகீழ்! பெயர்த்தெடுத்தது என்பதால் 'பெயர்திசு' எனலாம்.

ம.:
மாணவர்கள் 'பெயருள்ள திசு' என்று படிப்பார்கள். மற்றவை அநாமதேயமா?

வ.:
இந்த வேலையை ஆய்வகத்தில் செய்கிறவள் நான். ஐயா, அது வெறும் திசு அல்ல. உள்ளே சிறுநீர்நாள மொட்டு, அதைச் சுற்றி இடைத்திசு. மொட்டு கிளைவிட, கிளை நுனிகளில் இடைத்திசு திரண்டு நெஃப்ரான், அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகு, ஆகிறது. மொட்டு கிளைக்கச் சமிக்ஞை தருவதும் அதே இடைத்திசுதான். 1950களில் குரோப்ஸ்டைன் என்ற கருவியலாளர் இரண்டையும் டிரிப்சின் என்ற நொதியால் பிரித்தார். வடிகட்டியின் ஒரு பக்கம் இடைத்திசு, மறுபக்கம் கருவின் தண்டுவடத் துண்டு. மொட்டே இல்லாமல் நுண்குழல்கள் உருவாயின. அவர் வைத்ததைக் கொய்திசு என்றால் ஒப்புக்கொள்வேன். முழு முளைக்கும் அதே சொல்லா? நாங்கள் 'எக்ஸ்பிளான்ட்' என்றே பேசுகிறோம், யாரும் சாகவில்லை.

ம.:
தமிழைத் தவிர.

இரா.:
அம்மா சொல்வது நியாயம். ஆனால் தோலுக்கும் செடிக்கும் இதே சொல்தான் வேண்டும். முளை என்று குறுக்க முடியாது. போகட்டும், கொய்திசுவே இருக்கட்டும். குதிரையை விட்டுவிடுகிறேன்.

சு.:
அப்படியானால் கொய்திசு, முதல்முறை வரும்போது பக்கத்திலேயே எக்ஸ்பிளான்ட் என்றும் போட்டுவிடுகிறேன். அடுத்த பக்கத்தில் ஆர்கனாய்டு நிற்கிறது, குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) வளர்க்கும் குட்டி உறுப்பு மாதிரி. 'உறுப்புப்போலி'?

இரா.:
கள்ளச் சிறுநீரகம் என்று நினைப்பார்கள்.

ம.:
முதற்போலி, கடைப்போலி எல்லாம் கள்ளச் சொற்களா?

வ.:
போலியைப் பிறகு பார்ப்போம். கொய்திசுவை ஆதரித்தவர் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.