பொருள்: மீன்முட்டைக் கணக்குக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளி இரவுக்குள்)

புதன் இரவு, பேர்கனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

வார இறுதித் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்காகச் சால்மன் வளர்ப்பைப் பற்றி ஒரு வாசிப்புப் பகுதி எழுதிக்கொண்டிருக்கிறேன். நோர்வேயில் இது வீட்டுச் சங்கதி. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வடக்கே பின்மார்க்கில் மீன் ஆலைகளில் கால்கடுக்க நின்றவர்கள். எல்லாம் எழுதியாயிற்று, ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

சால்மன் முட்டை பொரிக்க எத்தனை நாள் ஆகும் என்று பொரிப்பகத்தில் கேட்டால் நாளில் பதில் வராது. தண்ணீரின் அன்றன்றைய சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கூட்டுத்தொகை ஏறத்தாழ 500 ஆகும்போது பொரிக்கும். 8 டிகிரியில் வைத்தால் இரண்டு மாதம், 5 டிகிரியில் நூறு நாள். 250ஐ ஒட்டி முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகக் கண் தெரியும். அதற்கு முன்னால் முட்டை குலுங்கினால் கரு செத்துவிடும். கண் தெரிந்த பிறகுதான் செத்து வெளுத்ததைப் பொறுக்குவது, வேறிடம் அனுப்புவது எல்லாம். 800ஐத் தாண்டும் அளவில் குஞ்சு வயிற்றோடு ஒட்டிய பையிலுள்ள உணவை முடித்துவிட்டு வாயால் தின்னத் தொடங்கும்.

இந்த அலகுக்கு இங்கே 'டொய்ன்கிராடர்' என்று பெயர். தமிழில் என்ன எழுதலாம்? சனி காலை அச்செடுத்துக் கையில் கொடுக்க வேண்டும்.

புதன் இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து:

பாகைநாள். வெப்பநிலைக்குப் பாகை, காலத்துக்கு நாள், இரண்டையும் பெருக்கினால் பாகைநாள். கிலோவாட்மணி எழுதுகிறோம், ஆள்நாள் எழுதுகிறோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? அச்சுக்குக் கொடுங்கோ.

வியாழன் காலை, சென்னையிலிருந்து:

அண்ணன் சொல்வது இலங்கைப் பாடநூலில் படித்தவர்களுக்குச் சரி. இங்கே பாகை என்றதும் பிள்ளைகள் கோணமானியைத் தேடுவார்கள். காய்ச்சல் நூறு டிகிரி என்றுதான் சொல்கிறோம். என் வாக்கு 'வெப்பநாள்' என்பதற்கு.

அப்புறம், இது மீனுக்கு மட்டும் உரிய கணக்கில்லை. 1735இலேயே ரியோமர் என்ற பிரெஞ்சு அறிஞர் பயிர் முதிர்வதற்கு அன்றாட வெப்பநிலையைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். வேளாண்மையில் பயிர் வளர்வதற்கான அடிப்படை வெப்பநிலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கூட்டுவார்கள். சால்மன்காரர்கள் சுழியத்திலிருந்தே கூட்டுகிறார்கள் போல. நாம் படைக்கிற சொல் நெல்லுக்கும் ஆக வேண்டும்.

வியாழன் காலை, கோவையிலிருந்து:

அன்பர்களே,

அவசரப்பட வேண்டாம். மூலச்சொல்லைப் பிரித்துப் பார்த்தீர்களா? 'டொய்ன்' என்பது நோர்வே மொழியில் பகல் அன்று. பகலும் இரவும் சேர்ந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது. நம் 'நாள்' அப்படியா? மதுரைக்காஞ்சியில் நாளங்காடி என்பது பகற்கடை, அல்லங்காடி என்பது இரவுக்கடை. நாள் என்றால் பகல், சில இடங்களில் விடியல். ஆகவே 'பாகைநாள்' என்பதில் இராப்பொழுதின் தண்ணீர் கணக்கில் வரவில்லை. 'அல்பகற்பாகை' என்பதே பொருந்தும்.

நீளம் என்பார்கள். அதற்கும் வழி உண்டு. எல் என்றால் ஒளி. எல்லை என்றால் பகல், கதிரவன், வரம்பு எல்லாம். எல்லி என்பதோ இரவையும் குறிக்கிறது. ஒரே வேரில் பகலும் இரவும் இருப்பதைக் கவனியுங்கள். 'எல்' என்ற வேரையே இருபத்து நான்கு மணிக்கும் எடுத்துக்கொண்டு 'எற்பாகை' எனலாம். சுருக்கம் வேண்டும் என்பவர்களுக்கு 'நாட்சூடு' தருகிறேன்.

'வெப்பநாள்' கூடவே கூடாது. அது கத்திரி வெயில்.

வியாழன் பகல், பேர்கனிலிருந்து:

ஐயா, டொய்ன் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் 'எற்பாகை' என்றால் பிள்ளைகள் எறும்பா என்று கேட்பார்கள். நாட்சூடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கையை விட்டால் விரல் விறைக்கிற தண்ணீருக்குச் சூடு என்று எப்படி எழுதுவது?

வியாழன் மாலை, தஞ்சாவூரிலிருந்து:

வேலை பார்த்த காலமெல்லாம் கெண்டைப் பொரிப்பகத்தில் கழித்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

முதலில், எங்களுக்கு நாள் என்பதே பெரிய அலகு. கட்லாவும் ரோகுவும் 27 முதல் 31 டிகிரித் தண்ணீரில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்துவிடும். சாயங்காலம் தாய்மீனுக்கு முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டால் ராத்திரி முட்டை, மறுநாள் மாலை வட்டத் தொட்டியில் ஊசிமுனை ஊசிமுனையாகக் குஞ்சு மிதக்கும். 28 டிகிரியில் 16 மணி நேரம் என்று வைத்தால் 448. நாள்கணக்கில் இது 19 கூட ஆகாது. ஆகவே கூடவே ஒரு மணிக்கணக்குச் சொல்லும் வேண்டும்.

இரண்டாவது, தொட்டியடியில் நிற்கிறவன் டிகிரி என்கிறான். 'டிகிரி நாள்' என்று எழுதினால் யார் அடிக்கப் போகிறார்கள்? நம் துறையில் நல்ல தமிழ்ச்சொல் வந்தால் ஆட்கள் எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். விரல் நீளக் குஞ்சுக்கு 'விரலி' என்றார்கள், இன்று குளம் குத்தகைக்காரர் வரைக்கும் விரலிதான். வாயில் நுழைந்தது, நின்றது. 'அல்பகற்பாகை' வாயில் நுழையும் முன்னே முட்டை பொரித்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். சீட்டுக் கட்டுவதுபோல் தினம் கொஞ்சம் போட்டு 500 சேர்ந்தால் குஞ்சு கைக்கு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அப்படியானால் தினம் பன்னிரண்டு பதினான்கு போட்டு முன்னாலேயே எடுத்துவிடலாமே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கூடாது. அடைகாலத்தில் 8 டிகிரியைத் தாண்டவிடாதே என்பது சால்மன்காரர்களின் பாடம். தாண்டினால் முட்டை சீக்கிரம் பொரிக்கும், ஆனால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன மீனும் இதயம் கோணிய மீனும் கூடுதலாக வரும். அது முட்டையில் தெரியாது, மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த பிறகு தெரியும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, கருவுக்கோ அப்போதுதான் மூச்சு அதிகம் வேண்டும். முட்டையில் பட்ட வெப்பநிலை பெரிய மீனின் தசை இழைகளின் எண்ணிக்கையில்கூடத் தெரிகிறது. இன்னொன்று, கடுங்குளிரில் 500 வரை போகாமலே பொரித்துவிடும். ஒரு வரம்புக்குள்தான் இந்தக் கூட்டல் ஒழுங்காக நடக்கும்.

எந்தச் சொல் வைத்தாலும் இந்தப் பத்தியைப் போடாமல் விடாதீர்கள்.

வியாழன் இரவு, சென்னையிலிருந்து:

தஞ்சை ஐயா சொன்ன மூன்றாவது விஷயத்துக்காகவே என் 'வெப்பநாள்' என்பதைக் கைவிடுகிறேன். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. நாம் பெருக்குவது வெப்பநிலையை. 'வெப்பநாள்' என்றால் சூட்டைச் சேர்க்கச் சேர்க்க நல்லது என்ற எண்ணம் வருகிறது. பாகை வெறும் அளவு, அதில் நல்லது கெட்டது இல்லை.

வியாழன் இரவு, உதகையிலிருந்து:

எட்டி நின்று வாசிப்பவன். இங்கே நீலகிரி அவலாஞ்சியில் 1907 முதல் ட்ரவுட் பொரிப்பகம் இருக்கிறது என்பதை இந்தக் குழு மறந்துவிட்டது. குளிர்நீர் மீன்முட்டை என்றாலே நோர்வேக்குப் போக வேண்டியதில்லை. வானவில் ட்ரவுட்டுக்கு 10 டிகிரியில் ஒரு மாதம், கூட்டினால் 300 சொச்சம். எனக்கு எந்தச் சொல்லும் சம்மதம்.

வெள்ளி காலை, கோவையிலிருந்து:

ஒரு இலக்கணக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. பாகைநாள் எந்தத் தொகை? பாகையின் நாள் அன்று, ஆக வேற்றுமைத்தொகை இல்லை. பாகையும் நாளும் என்று உம்மைத்தொகை ஆக்கினால் அது கூட்டல். இங்கே நடப்பது பெருக்கல். ஆறு தொகைகளில் பெருக்கலுக்கு இடமே இல்லை!

வெள்ளி காலை, யாழ்ப்பாணத்திலிருந்து:

அப்ப கிலோவாட்மணி எந்தத் தொகை ஐயா? மின்கட்டணம் கட்டும்போது கேட்டதுண்டா? இரண்டு பெயர்ச்சொல் பக்கத்தில் நின்றால் உறவு என்ன என்று சூழல் சொல்லும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. பன்மையில் பாகைநாட்கள் என்று எழுதிவிடாதீர்கள். நாட்கள் என்றால் நாள்பட்ட கள். பாகைநாள்கள் என்றே எழுத வேண்டும்.

வெள்ளி பகல், சென்னையிலிருந்து:

ஐயோ, மறுபடியும் கள்ளா! இந்தக் குழுவில் அதைக் குடித்துத் தீர்ந்தபாடில்லை. எண்ணுப்பெயர் முன்னால் வந்துவிட்டால் அஃறிணைக்குக் கள் விகுதி தேவையே இல்லை. நூறு நாள் வேலை, பத்து மரம், 500 பாகைநாள். முடிந்தது.

வெள்ளி பகல், பேர்கனிலிருந்து:

அப்படியே எழுதுகிறேன், சண்டை இல்லாமல் போகட்டும். இடையில் இன்னொன்று கேட்கலாமா? குஞ்சு பொரித்ததும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு பை தொங்குமே, அதிலுள்ளதை மஞ்சட்கரு என்று எழுதியிருந்தேன். ஆனால் சால்மனுக்கு அது நல்ல செம்மஞ்சள் நிறம். படத்தைப் பார்த்துக்கொண்டே மஞ்சள் என்று வாசிக்கச் சங்கடமாக இருக்கிறது.

வெள்ளி பகல், தஞ்சாவூரிலிருந்து:

கருவுணவு என்று போடுங்கள் அம்மா. அது எந்த நிறமாக இருந்தாலும் குஞ்சுக்குச் சாப்பாடுதானே.

வெள்ளி மாலை, கோவையிலிருந்து:

கருவுணவு நன்று. 'கருவூண்' இன்னும் நன்று.

வெள்ளி இரவு, பேர்கனிலிருந்து:

அச்சுக்கு அனுப்பப்போகிற பத்தியைக் கீழே ஒட்டுகிறேன்.

"சால்மன் முட்டை பொரிக்க ஏறத்தாழ 500 பாகைநாள் வேண்டும். தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் ஒரு நாளில் 5 பாகைநாள் சேரும், 8 டிகிரியில் இருந்தால் 8 சேரும். வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிர்வித்துப் பொரிக்கும் நாளைத் தள்ளிப்போடுவதும் உண்டு. ஆனால் அவசரப்பட்டு 8 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மீனின் முதுகெலும்பும் இதயமும் பழுதாகலாம். கேள்வி: தண்ணீர் முதல் 30 நாள் 6 டிகிரியிலும் அதன் பிறகு 8 டிகிரியிலும் இருந்தால் முட்டை பொரிக்க மொத்தம் எத்தனை நாள் ஆகும்?"

டிகிரியும் பாகையும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கிறது, தெரியும். பிள்ளைகள் வீட்டில் டிகிரிதான் சொல்கிறார்கள். அலகுக்கு மட்டும் பாகைநாள். எல்லாருக்கும் நன்றி.

வெள்ளி இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து:

விடை 70 நாள்தானே? நல்ல கணக்கு. ஆனால் டிகிரியை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் பாகை போட்டிருக்கலாம். இதைத்தான் முதல் நாளே சொன்னேன்.

சனி காலை, கோவையிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஏற்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் பாகைநாள் என்று ஏற்றுபவர்கள் பக்கத்திலேயே நாட்சூடு, அல்பகற்பாகை இரண்டையும் மாற்றுச்சொற்களாகப் பதிய வேண்டும். எற்பாகையை வற்புறுத்தவில்லை.

சனி காலை, தஞ்சாவூரிலிருந்து:

சரி, சால்மனுக்கு வழி பிறந்தது. என் கட்லா முட்டை அப்படியே கிடக்கிறது. 'பாகைமணி' என்றால் கோயில் மணி மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு யாராவது சொல்லுங்கள். கோவை ஐயா, நாழிகை பக்கம் போய்விடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சனி பகல், கோவையிலிருந்து:

இருபத்து நான்கு நிமிடம் ஒரு நாழிகை. இரண்டரை நாழிகை ஒரு மணி. உங்கள் 16 மணி நேரம் சரியாக 40 நாழிகை, பின்னமே இல்லை. தனி இழை தொடங்குகிறேன்.