'கேன்' ஆல்பங்களின் தரவரிசை: 'லேண்டட்' முதல் இறக்கம் தொடங்கியது எதனால்?

கேள்வி: இருதடம்

ஜெர்மனியின் கொலோன் நகரத்து ராக் குழுவான 'கேன்' குழுவின் ஆல்பங்களை யார் வரிசைப்படுத்தினாலும் முதல் மூன்று இடங்களில் பெரிய வியப்பு எதுவும் இருப்பதில்லை. 'டாகோ மாகோ' (1971), 'ஏகே பாம்யாசி' (1972), 'ஃபியூச்சர் டேஸ்' (1973) ஆகிய மூன்றும் ஏதோ ஒரு வரிசையில் மேலே வந்து அமர்ந்துகொள்கின்றன. உண்மையான தகராறு நான்காம் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. என் பட்டியல் இது: ஃபியூச்சர் டேஸ், டாகோ மாகோ, ஏகே பாம்யாசி, சூன் ஓவர் பபலூமா, மான்ஸ்டர் மூவி, சவுண்ட்ட்ராக்ஸ், லேண்டட், ஃப்ளோ மோஷன், சா டிலைட், 1979இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பம், ரைட் டைம், கடைசியாக அவுட் ஆஃப் ரீச்.

பட்டியலைப் போட்டு முடித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். 1975இல் வந்த 'லேண்டட்' ஆல்பத்தையும் அதற்குப் பின் வந்தவற்றையும் நான் ஒட்டுமொத்தமாகக் கீழ்ப்பாதியில் தள்ளியிருக்கிறேன். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், பாடகர் டாமோ சுசுகி 1973இல் குழுவைவிட்டு விலகியதுதான். ஆனால் அவர் போன பிறகு 1974இல் வந்த 'சூன் ஓவர் பபலூமா'வில் எனக்கு எந்தச் சரிவும் தெரியவில்லை. 'டிஸி டிஸி'யில் கிதார் கலைஞர் மிகேல் கரோலி தயங்கித் தயங்கி முணுமுணுக்கும் குரலும் அவரே வாசிக்கும் வயலினும், இரண்டாம் பக்கத்தில் 'செயின் ரியாக்ஷன்' தாளம் மெல்லக் கரைந்து 'குவாண்டம் ஃபிசிக்ஸ்' என்ற இருட்டுக்குள் இறங்கும் இடமும், இதற்கு முந்தைய மூன்று ஆல்பங்களுக்குக் குறைந்தவை அல்ல. அப்படியானால் சரிவுக்குக் காரணம் பாடகர் போனதா, அல்லது 'லேண்டட்' காலத்தில் ஸ்டூடியோவுக்குப் பதினாறு தட ஒலிப்பதிவுக் கருவி வந்ததா? உங்கள் வரிசையையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

பதில்: நாடாவெட்டி

உங்கள் வரிசையில் முதல் இரண்டை மட்டும் இடம் மாற்றினால் அதுவே என் வரிசை. காரணத்தைப் பொறுத்தவரை, நான் கருவியின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் கருவி கெட்டது என்று சொல்ல மாட்டேன். அது அந்த நால்வர் வேலை செய்யும் முறையையே மாற்றிவிட்டது என்பதுதான் விஷயம்.

'பபலூமா' வரையில் இவர்கள் ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிப்பார்கள். அது அப்படியே இரண்டு தட நாடாவில் இறங்கும். பிறகு தனியாக ஒருவரின் வாசிப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே வாசிக்கும்போதே ஒருவர் மற்றவருக்கு இடம் விட வேண்டும். உரக்க வாசித்தால் பக்கத்தில் இருப்பவரின் ஓசை அந்த நாடாவில் அமுங்கிப் போய்விடும். அதன் பின்னர் பேஸ் கிதார் வாசித்த ஹோல்கர் சூக்காய் கத்தரியை எடுப்பார். இவரும் கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டும் இசையமைப்பாளர் ஷ்டொக்ஹவுஸனிடம் பயின்றவர்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அந்தப் படிப்பு எங்கே பயன்பட்டது என்பதை அதிகம் பேர் எழுதுவதில்லை. நாடாவை வெட்டி ஒட்டுவதையே இசையமைப்பாகக் கருதும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. நீண்ட வாசிப்பிலிருந்து எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது, எங்கே ஒட்டுவது என்ற முடிவுகள்தான் இந்த ஆல்பங்களின் கட்டுமானம்.

'டாகோ மாகோ'வில் உள்ள 'ஹாலேலுவா'வை இந்தக் கண்ணோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதினெட்டரை நிமிடம் யாக்கி லீபெட்ஸைட்டின் டிரம்ஸ் ஒரே சுழற்சியைப் பிடித்துக்கொண்டு போகிறது. கிதாரும் கீபோர்டும் வருகின்றன, போகின்றன. திடீரென்று அறையே மாறியதுபோல ஓசையின் நிறம் மாறுகிறது. தாளம் மட்டும் விடுவதில்லை. அந்த மாற்றங்களில் சில வெட்டுகள். தாளம் அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் வெட்டு உறுத்தாமல் போகிறது. லீபெட்ஸைட் முதலில் மான்ஃப்ரெட் ஷூஃப் குழுவில் ஃப்ரீ ஜாஸ் வாசித்தவர். அந்தச் சுதந்திரத்தில் அலுத்துப்போய், திரும்பத் திரும்ப வரும் தாளத்துக்கு மாறியவர். அந்த மனிதர் இல்லையென்றால் சூக்காயின் கத்தரிக்கு வேலையே இருந்திருக்காது.

பதினாறு தடம் வந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், பிறகு மேலே மேலே அடுக்கலாம் என்றாகிவிட்டது. 'லேண்டட்' முழுக்க அந்த அடுக்கு கேட்கிறது. கடைசிப் பாட்டு 'அன்ஃபினிஷ்ட்' மட்டும் பழைய துணிச்சலின் பக்கம் சாய்கிறது. அந்த ஒரு பதின்மூன்று நிமிடத்துக்காகத்தான் நானும் அதை ஏழாம் இடத்தில் விட்டுவைக்கிறேன்.

பதில்: கோட்டைவாசி

இருவரும் சுசுகி காலத்தை ஒரு கோயிலாகக் கட்டிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை வாசலில் நிறுத்துகிறீர்கள். என் முதல் இடம் 1969இன் 'மான்ஸ்டர் மூவி'க்கு. 1968இல் தொடங்கிய குழு, கொலோனுக்கு அருகிலுள்ள நோர்வெனிஷ் கோட்டையில் வாடகை இல்லாமல் கிடைத்த இடத்தில் இருந்துகொண்டு பதிவு செய்த ஆல்பம் அது. முதலில் ஐந்நூறு பிரதிகள்தான் அச்சிட்டார்கள். குழுவின் அன்றைய பாடகரான அமெரிக்கச் சிற்பி மால்கம் மூனி அதுவரை ராக் குழு எதிலும் பாடியவர் அல்லர். அதனால்தான் அவர் பாடுவது பாட்டின் மேல் உட்காராமல், இன்னொரு தாளக்கருவியாக உள்ளே இறங்குகிறது. 'யூ டூ ரைட்'டில் ஒரு காதல் கடிதத்தின் வரிகளை எடுத்து இருபது நிமிடம் திரும்பத் திரும்ப அரைக்கிறார். நடுவில் மற்ற எல்லாம் அடங்கி, டிரம்ஸும் அவருடைய தாழ்ந்த குரலும் மட்டும் மிஞ்சும் இடம் ஒன்று உண்டு. 'டாகோ மாகோ'வில் நீங்கள் கொண்டாடும் அத்தனையும் அந்த இடத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

மூனி மனநலம் குன்றி, மருத்துவ ஆலோசனையின் பேரில் அமெரிக்கா திரும்பியதால் அந்த வழி பாதியில் நின்றது. அதன் எச்சங்களை 1981இல்தான் வெளியான 'டிலே 1968'இல் கேட்கலாம். அதைப் பட்டியலில் யாருமே சேர்க்கவில்லை. 1968, 69இல் பதிவானது என்பதால் தொகுப்பு என்று ஒதுக்குகிறீர்கள். என் கணக்கில் அது ஐந்தாம் இடம்.

தடங்களின் எண்ணிக்கை பற்றிய வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1979 ஆல்பத்தில் குழுவைவிட்டு விலகியிருந்த சூக்காய் மீண்டும் வந்து நாடாவை வெட்டிக் கொடுத்தார். கத்தரியே மருந்து என்றால் அந்த ஆல்பம் எழுந்து நின்றிருக்க வேண்டும். ஆஃபென்பாக்கின் கேன்-கேன் நடன மெட்டை வைத்துச் செய்த அந்த வேடிக்கைக்கு மேல் அதில் எனக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை.

பதில்: மெத்தைச்சுவர்

கோட்டைவாசியின் கேள்விக்கு நாடாவெட்டி வந்து பதில் சொல்லட்டும். நான் ஃபியூச்சர் டேஸுக்காக வாதாட வந்திருக்கிறேன். ஏனெனில் மேலே உள்ள மூவரில் அதை முதலில் வைத்தவர் கேள்வி கேட்டவர் மட்டுமே, அவரும் காரணம் சொல்லவில்லை.

'டாகோ மாகோ' மகத்தானது என்பதில் ஐயமில்லை. 'மஷ்ரூம்' ஒரு வெடிப்பில் முடிந்து, அந்த இடி முழக்கத்திலிருந்தே 'ஓ யே' புறப்படுவதும், அதில் சுசுகியின் குரல் முதலில் தலைகீழாக ஓடி, பின்னர் ஜப்பானிய மொழியில் நேராகத் திரும்புவதும் ராக் இசையில் அரிதாக நடக்கும் சங்கதிகள். 1970 மே மாதம் மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்தவரைச் சூக்காயும் லீபெட்ஸைட்டும் பார்த்து, அன்றிரவே மேடையேற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் துணிச்சலுக்கு இந்த ஆல்பம் தகுந்த பலன். ஆனால் இரண்டாம் தட்டைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். 'ஆம்ன்' பதினேழரை நிமிடம், அதையடுத்து 'பீகிங் ஓ'. இவை இரண்டையும் சேர்த்து விரும்பிக் கேட்கிறவர்களைவிட, கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களே அதிகம் என்பது என் சந்தேகம்.

1971 முடிவில் குழு வைலர்ஸ்விஸ்ட் ஊரில் இருந்த பழைய திரையரங்கு ஒன்றுக்கு இடம் மாறியது. எதிரொலியை அடக்குவதற்காகச் சுவரெங்கும் ராணுவ மெத்தைகளை, ஏறத்தாழ 1500 மெத்தைகளை, அறைந்து வைத்தார்கள். அந்த அறையின் ஓசைதான் ஃபியூச்சர் டேஸ். முதல் பாட்டு தொடங்குவதே தெரியாது. நீரோ காற்றோ என்று சொல்ல முடியாத ஓர் இரைச்சலுக்குள்ளிருந்து தாளம் மெல்ல மேலே வருகிறது. சுசுகியின் குரல் கலவையின் அடியில், வார்த்தை பிடிபடாத ஆழத்தில் கிடக்கிறது. இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் 'பெல் ஏர்' இருபது நிமிடம் ஓடுகிறது. நடுவில் வாசிப்பு கரைந்து வெளியின் பறவை, பூச்சி ஓசைகள் மட்டும் கேட்கின்றன. பிறகு கருவிகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அந்த இருபது நிமிடத்தில் எவரும் எவரையும் முந்தவில்லை. ஆம்பியன்ட் (சூழல் இசை) என்ற பெயரோடு பின்னர் வந்தவற்றில் பல இந்த அளவுக்கு அசைவோடும் இல்லை. மூன்று நிமிட 'மூன்ஷேக்' அதில் ஒட்டவில்லை என்று குறைசொல்கிறவர்களுக்கு: அதை நீக்கிவிட்டு ஒருமுறை கேளுங்கள், முதல் பக்கம் தூங்கிப்போய்விடும்.

'ஏகே பாம்யாசி' மூன்றாவது. காரணம் எளிது. 'வைட்டமின் சி', 'ஐயாம் ஸோ கிரீன்' போலக் கச்சிதமான பாட்டுகள் இந்தக் குழுவில் வேறெங்கும் இல்லை. 'ஸ்பூன்' தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்கான முகப்புப் பாட்டு. ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. டிரம் மெஷினையும் லீபெட்ஸைட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடவிட்ட விதத்தை இன்று கேட்டாலும் புதிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சூப்' பத்து நிமிடத்துக்குத் தாங்கவில்லை. இடம் நிரப்ப வைத்ததுபோல இருக்கிறது.

பதில்: சிற்றலை வானொலி

ஃப்ளோ மோஷனை (1976) எட்டாவதாக வைத்ததை என்னால் ஏற்க முடியாது. 'ஐ வாண்ட் மோர்' பிரிட்டனின் முதல் முப்பதுக்குள் நுழைந்ததாலேயே அதை 'விலைபோன' ஆல்பம் என்று முத்திரை குத்திவிட்டார்கள். 'ஸ்மோக்' என்ற பாட்டை ஒருமுறை இருட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். டாகோ மாகோவின் இரண்டாம் தட்டைவிட அது எனக்கு அதிக அச்சம் தருகிறது. 'பபலூமா'வுக்கு அடுத்து, ஐந்தாம் இடத்தில் அதை வைப்பேன்.

'சா டிலைட்' (1977) வேறு கதை. டிராஃபிக் குழுவிலிருந்து ராஸ்கோ ஜீ, ரீபாப் குவாக்கு பா இருவரும் வந்து சேர்ந்தார்கள். ராஸ்கோ ஜீ பேஸ் கிதாரை எடுத்துக்கொண்டதால் சூக்காய் சிற்றலை வானொலியையும் நாடாக்களையும் வைத்துக்கொண்டு ஓர் ஓரத்துக்குப் போனார். 'அனிமல் வேவ்ஸ்' கேட்டால் அந்த ஓரத்திலிருந்து எவ்வளவு செய்திருக்க முடியும் என்பது புரிகிறது. மற்ற பாட்டுகளில் அவருக்கு இடமே இல்லை. இங்கேதான் நான் கேள்விக்குப் பதிலாகக் காண்பது: பாடகரும் அல்ல, பதினாறு தடமும் அல்ல; சூக்காயும் லீபெட்ஸைட்டும் அடித்தளத்தில் சேர்ந்து வாசிப்பது நின்றதுதான் உண்மையான முறிவு. ராஸ்கோ ஜீ சூக்காயைவிடத் திறமையான பேஸ் கலைஞர், சிக்கலே அதுதான். சூக்காய் குறைவான சுரங்களை வாசித்தார், லீபெட்ஸைட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

பதில்: இருதடம்

எல்லோருக்கும் நன்றி. சிற்றலை வானொலியின் விளக்கம் 1977க்குப் பின் வந்தவற்றுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 'லேண்டட்' ஆல்பத்தில் சூக்காய்தான் பேஸ் வாசிக்கிறார், அடித்தளம் அப்படியேதான் இருக்கிறது, அதனால் அந்த முதல் படி இறக்கத்துக்கு நாடாவெட்டியின் காரணத்தை நான் விட மாட்டேன்.

இதற்குச் சான்றாக 2021 முதல் வெளிவந்துள்ள மேடைப் பதிவுகளைச் சொல்வேன். 'லைவ் இன் ஸ்டுட்கார்ட் 1975' அதே ஆண்டு, பாடகர் இல்லாத அதே நால்வர். நீண்ட வாசிப்புகள், பாட்டுகளுக்குப் பெயர்கூட இல்லாமல் எண்கள் மட்டும். ஸ்டூடியோவில் 'லேண்டட்' செய்த அதே ஆண்டில் மேடையில் இவர்கள் 'பபலூமா'வையும் தாண்டிய இடத்தில் இருந்தார்கள் என்பது அதைக் கேட்டால் தெரிகிறது. மேடையில் தடங்களைப் பிரித்து அடுக்க வழியில்லை அல்லவா?

கோட்டைவாசிக்கு: 'டிலே 1968'ஐச் சேர்ப்பதென்றால், வைலர்ஸ்விஸ்ட் ஸ்டூடியோவை க்ரோனாவ் நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது கிடைத்த நாடாக்களிலிருந்து 2012இல் வந்த 'தி லாஸ்ட் டேப்ஸ்' தொகுப்பையும் சேர்க்க வேண்டியிருக்கும். அப்படிச் சேர்த்தால் என் பட்டியலில் அது மான்ஸ்டர் மூவிக்கு மேலே போய்விடும், உங்களுக்குச் சம்மதமா?

பதில்: கோட்டைவாசி

சம்மதமில்லை. ஆனால் அவுட் ஆஃப் ரீச் கடைசி என்பதில் முழுச் சம்மதம். குழுவே கைகழுவிய ஆல்பத்துக்கு நாம் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்?