முட்டி வலியுள்ள நண்பருடன் 2 நாள் சுற்று: கோத்தகிரிக்காரர்கள் வழி சொல்லுங்க

பள்ளிக்கூடத்து நண்பர் அடுத்த வாரம் சென்னையிலிருந்து சொந்த காரில் வர்றார். தினமும் காலையில் கிளம்பி இருட்டுறதுக்குள்ள கோத்தகிரி வீட்டுக்குத் திரும்பணும். படி அதிகம் ஏற முடியாது. இ-பாஸ் எடுத்தாச்சு, தண்ணீர் பாட்டிலும் ஸ்டீல்தான்.

முதல் நாள் கோடநாடு காட்சிமுனை. சுமார் 18 கி.மீ. 8 மணிக்கே அங்க இருக்கணும். வெயில் ஏறினா பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு மேலே வந்து மோயாறு, ரங்கசாமி மலை எல்லாத்தையும் மூடிடும். அப்புறம் வேலிக்கம்பியைத்தான் பார்க்கணும்! திரும்பும்போது கன்னேரிமுக்கில் ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் சல்லிவனோட பங்களா.

இரண்டாம் நாள் குன்னூர். கேத்தரின் அருவிக்குக் கீழே இறங்கினா ஏறி வரணும், அது வேண்டாம். டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனையிலிருந்து எதிரே மொத்த அருவியும் தெரியும். பிறகு குன்னூர்–ஊட்டி ரயில். செங்குத்து ஏற்றத்தில் ரயிலைப் பல்லால் பிடிச்சு ஏத்துற பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு–குன்னூர் பகுதியில் மட்டும்தான், அதனால இதில் அந்த ஏற்றம் கிடைக்காது. ஆனாலும் கேத்தி பள்ளத்தாக்குக்காகப் போகலாம்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க:
டால்பின்ஸ் நோஸில் பார்க்கிங்கிலிருந்து முனை வரை இப்போ கைப்பிடி இருக்கா? குன்னூர் ஸ்டேஷன் பக்கம் நாள் முழுக்க காரை எங்கே விடலாம்? ஊட்டியிலிருந்து சாயங்காலம் கோத்தகிரிக்கு நேர் பஸ் ஏறிட்டா கார் குன்னூர்லயே மாட்டிக்கும். அதனால குன்னூருக்கே திரும்ப ரயிலா, பஸ்ஸா? எது கூட்டம் கம்மி?

நண்பர் மலைப்பாதைக்குப் புதுசு. இறக்கத்தில் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி பிடிக்காமப் போகும், இரண்டாவது கியரில் இறங்குங்கன்னு சொல்லியிருக்கேன். மேட்டுப்பாளையத்திலிருந்து நேரா கோத்தகிரி ரோடுதானே அவருக்கு நல்லது?