1968 பான்டியாக் ஜிடிஓ: மேடேறும்போது எஞ்சினில் நாக்கிங் ஒலி, பிஸ்டனை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

உட்வர்டுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரையும் பான்டியாக் நகரையும் இணைக்கும் உட்வர்ட் சாலைக்கு அருகில் குடியிருக்கிறேன். பல ஆண்டுக் கனவாக இருந்த 1968ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். 400 கன அங்குல வி-8 எஞ்சின், அதாவது ஏறத்தாழ 6.6 லிட்டர், நான்கு பேரல் குவாட்ராஜெட் கார்புரேட்டர், நான்கு கியர் மேனுவல். தொழிற்சாலைக் கணக்கின்படி 350 குதிரைத்திறன், அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 10.75:1. சிலிண்டர் ஹெட்டும் பிஸ்டன்களும் பழைய அளவிலேயே இருக்கின்றன.

நான்காவது கியரில் நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்றுகளில் சென்றுகொண்டிருக்கும்போது மேடு வந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஒலி கேட்கிறது. வெயில் நாட்களில் அது கூடுகிறது. எப்போதும் 93 ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோல்தான் நிரப்புகிறேன். பிளக் எப்போது பொறி விடுகிறது என்று காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால், தொழிற்சாலை சொன்னபடி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 9 டிகிரி முன்பு என்ற இடத்தில் குறி சரியாக நிற்கிறது.

காட்டிய பணிமனையில், இன்றைய பெட்ரோலுக்கு இந்த எஞ்சின் ஒத்துவராது, பிஸ்டன்களை மாற்றி அழுத்தத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் புதிய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினைப் பொருத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது கியரில் மெல்லப் போய்க்கொண்டிருக்கும்போது கால் சற்று அழுந்தினாலே முதுகை இருக்கையோடு அழுத்தும் அந்த இழுவைக்காகத்தான் இந்த வண்டியை வாங்கினேன். அதை இழக்காமல் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லி உதவுங்கள். ஆகஸ்டு மாதம் உட்வர்ட் சாலையில் நடைபெறும் பழைய கார்களின் பவனிக்குள் வண்டி தயாராக வேண்டும்.

பழைய இரும்பு எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலில் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியும் வரை அந்த ஒலியோடு மேடேற்றாதீர்கள். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுவதும் பரவி முடிவதற்குள், மூலையில் எரியாமல் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடிப்பதன் ஒலி அது. தொடர்ந்து விட்டால் பிஸ்டனில் ரிங் அமரும் விளிம்புகள் உடையும். ஹெட் கேஸ்கெட்டும் போகும்.

பெட்ரோலைப் பற்றிய அச்சம் பாதிதான் உண்மை. உங்கள் எஞ்சின் பிறந்த நாளில் உயர்தரப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது என்பதும், அதை ஆராய்ச்சி முறை ஆக்டேனில் சுமார் 100 என்று அளந்தார்கள் என்பதும் சரியே. ஆனால் இன்று அமெரிக்கப் பம்பில் எழுதியிருக்கும் 93 வேறு அளவு. ஆராய்ச்சி முறை, மோட்டார் முறை ஆகிய இரண்டின் சராசரி அது. ஆராய்ச்சி முறையில் மட்டும் பார்த்தால் அதுவே ஏறத்தாழ 97, 98 வரும். எனவே பள்ளம் நீங்கள் நினைக்கும் அளவு ஆழமில்லை.

முழுதாக மிதிக்கும்போதுதான் ஒலி வருகிறது என்கிறீர்கள். அப்போது மேனிஃபோல்டில் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயில்) வெற்றிடம் அநேகமாக இருக்காது என்பதால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கும் அட்வான்ஸ் (வெற்றிடத்தால் பொறியை முன்கூட்டியே விடச் செய்யும் அமைப்பு) மீது சந்தேகப்பட வேண்டாம். எனக்கு உறுத்துவது அந்த 9 டிகிரிதான். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் ஹார்மோனிக் பேலன்சரின் வெளி வளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. அரை நூற்றாண்டு வெப்பத்தில் ரப்பர் தளர்ந்து வளையம் நகர்ந்திருந்தால், அதில் உள்ள குறியும் நகர்ந்திருக்கும். டைமிங் லைட் பொய்யான குறியை உண்மையாகக் காட்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் எடுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரைத் திருகி, கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும் வரை திருப்பி வளையத்தில் கோடு போடுங்கள். மறுபக்கம் முட்டும் வரை திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் பிஸ்டன் உச்சியில் நிற்கும் உண்மையான மேல்நிலை. பழைய குறி அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எட்டு சிலிண்டர் எழுதியது:

பணிமனை சொன்னதில் தவறில்லை என்பது என் கருத்து. என் வண்டியில் குழிவான பிஸ்டன்களைப் போட்டு விகிதத்தை 9.3:1 ஆக்கிய பிறகு ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸே 1971இல் எல்லா எஞ்சின்களிலும் அழுத்தத்தைக் குறைத்ததே!

பழைய இரும்பு எழுதியது:

குறைத்தார்கள், விளைவையும் பாருங்கள். 1970இல் 10.25:1 விகிதத்தில் 350 குதிரைத்திறன் தந்த அதே 400 எஞ்சின், 1971இல் 8.2:1 ஆகி 300க்கு இறங்கியது. உங்கள் 9.3 அவ்வளவு மோசமில்லை, எஞ்சினை எப்படியும் பிரிக்க வேண்டியவர்களுக்கு நல்ல வழியும்கூட. ஆனால் நல்ல நிலையில் ஓடும் எஞ்சினை, அளந்து பார்க்காமலே பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்தை மீறக்கூடாது என்ற நிறுவன விதி இருந்தும், பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய குழுவினரும் 1964இல் 389 எஞ்சினைக் கூடுதல் விருப்பத் தொகுப்பாக டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தரக் காரில் நுழைத்ததால்தான் ஜிடிஓ என்ற வண்டியே பிறந்தது. சாதாரணக் குடும்பக் காரின் உடலும் அதற்குப் பொருந்தாத பெரிய எஞ்சினும் சேர்ந்ததே அதன் அழகு. எஞ்சினின் பலத்தைக் குறைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

உட்வர்டுவாசி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. வளையம் 8 டிகிரி நகர்ந்திருக்கிறது! 9 என்று நம்பியது உண்மையில் 17. புதிய பேலன்சர் பொருத்தி, வேக்கும் குழாயைக் கழற்றி அடைத்து, 3,500 சுற்றுகளில் மொத்த அட்வான்ஸை (பொறி முன்கூட்டி வரும் முழு அளவை) அளந்தேன். பழைய அமைப்பில் அது 41 டிகிரி இருந்திருக்கும். இப்போது தொடக்கம் 10, மொத்தம் 34. ஒலி பெரும்பாலும் நின்றுவிட்டது. கடும் வெயிலில் மட்டும், 2,000 சுற்றுகளை ஒட்டி இரண்டு விநாடி மெலிதாகக் கேட்கிறது.

பழைய இரும்பு எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. மிச்சமிருப்பது பெரும்பாலும் வேகம் கூடக்கூட அட்வான்ஸைக் கூட்டும் டிஸ்ட்ரிபியூட்டர் எடைகளின் ஸ்பிரிங்குகளாக இருக்கும். முந்தைய உரிமையாளர் மெலிந்த ஸ்பிரிங் போட்டிருந்தால் முழு அட்வான்ஸும் 2,000 சுற்றுக்குள்ளேயே வந்துவிடும். ஒரு ஸ்பிரிங்கைக் கனமானதாக மாற்றி, 2,800 அல்லது 3,000இல் முழுமை அடையும்படி செய்யுங்கள். அடுத்ததாகக் கார்புரேட்டர்: 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை சற்று மெலிந்துபோவதால், பிளக் முனைகள் வெளுத்திருந்தால் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது சரிசெய்தது என்று தெரியாது.

உட்வர்டுவாசி எழுதியது:

இடப்பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினேன். நேற்று 32 டிகிரி வெயிலில், அதே மேட்டில், அதே நான்காவது கியரில் முழுதாக மிதித்து ஏறினேன். எஞ்சினின் முழக்கத்தைத் தவிர வேறு ஒலி இல்லை. பிளக் முனைகள் இளம் பழுப்பு நிறத்தில் இருப்பதால் ஜெட்டைத் தொடவில்லை. எட்டு சிலிண்டர் ஐயாவுக்கும் நன்றி. ஆகஸ்டில் இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன்.